வகுப்பில் விவாதம் வைத்தேன், ஒரு மாணவி பேசுவதையே நிறுத்திவிட்டாள்

கேட்டவர்: பொருளியல் டீச்சர், மன்னார்குடி பக்கம் (2024 அக்டோபர்)

எல்லாருக்கும் வணக்கம். கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பொருளியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் 38 பேர். மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பாடத்தில் வறுமை, வேலையின்மை, ஊரக வளர்ச்சி எல்லாம் இருக்கிறது. பிள்ளைகளும் வறுமைக்கான காரணங்களை வரிசையாக எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். காலையில் ரேஷன் கடை வரிசையில் அம்மாவுக்காக இடம் பிடித்து நின்றுவிட்டு வந்த பிள்ளைதான் அதை எழுதுகிறது. ஆனால் இதுவும் அதுவும் ஒன்று என்று அதற்குத் தோன்றுவதே இல்லை. அதை உடைக்கத்தான் விவாதம் வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். "பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்று கேட்டார்கள். வராது, ஆனால் பேசுவோம் என்றேன்.

தலைப்பு: "நூறு நாள் வேலைத் திட்டம் விவசாயத்துக்குக் கேடா, ஏழைக்குத் துணையா?" இடப்பக்கம் பெஞ்சில் இருந்தவர்கள் கேடு, வலப்பக்கம் துணை. எங்கள் ஊரில் இது ஒவ்வொரு சம்பாவுக்கும் டீக்கடையில் ஓடுகிற பேச்சு. அதனால் பிள்ளைகளுக்குச் சுலபமாக வரும் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு பேர் "நடுவர் அவர்களே, அவையோர்களே" என்று மனப்பாடமாக ஒப்பித்தார்கள். மூன்றாவதாக எழுந்த பையன் எதையும் ஒப்பிக்கவில்லை. "எங்கப்பா ஆறு ஏக்கர் சம்பா போடுறாரு. நாத்து முத்திப்போச்சு, நடவுக்கு ஆள் வரல. எல்லாரும் வாய்க்கா கரையில உக்காந்து கதை பேசிட்டு கூலி வாங்குறாங்க" என்றான். சொல்லும்போது அவன் கண் இரண்டாவது பெஞ்சுப் பக்கம் போனது. வகுப்பே சிரித்தது.

அந்த இரண்டாவது பெஞ்சில் இருந்த பெண்ணின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஊர் சின்னது, யார் அம்மா எங்கே போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். யார் எந்தத் தெரு என்பதும் தெரியும், அதை நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்துப் பேச வேண்டியவள் அவள்தான். நாலு குறிப்பு எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து மூடிவிட்டாள். "நான் பேசல டீச்சர்."

அதற்கப்புறம் நான் செய்தது இன்னும் தப்பு. நானே எழுந்து, 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், கேட்ட 15 நாளுக்குள் வேலை தரவேண்டும், தமிழ்நாட்டுக்கு 2024-25-க்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய் என்று தகவலாக அடுக்கினேன். டீச்சர் அவள் கட்சி என்று ஆகிவிட்டது. பையன் முகம் தொங்கிப்போனது. அவளோ இன்னும் கூனிக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்தார். சண்டை போடவில்லை. "வேலைக்குப் போறது தப்பா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்றே எனக்கு நினைவில்லை.

விவாதத்தை விட்டுவிட மனசில்லை. ஆனால் அந்தத் தாள் மடிந்ததை மறக்கவும் முடியவில்லை. இப்படிப்பட்ட விஷயங்களைப் பிள்ளைகளைப் பேச வைத்தவர்கள் இங்கே இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.


பதில் 1: பட்டதாரி ஆசிரியர், தர்மபுரி

மேடம், உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் இந்தத் தலைப்பெல்லாம் வகுப்புக்குள் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எங்கள் பள்ளியில் இலவசத் திட்டங்கள் பற்றி ஒரு பேச்சுப் போட்டி வைத்தோம். மறுநாளே இரண்டு கட்சிக்காரர்கள் தலைமை ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து செல்போன் நன்மையா தீமையா, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, இதோடு நிறுத்திக்கொள்கிறோம். பேச்சுப் பயிற்சி கிடைக்கிறது, யாருக்கும் காயம் இல்லை. நாம் இங்கே மூன்று வருடம் இருப்போம், மாறுதலில் போய்விடுவோம். அந்தப் பிள்ளைகள் அதே தெருவில்தான் இருக்க வேண்டும்.


பதில் 2: ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர், திருப்பூர்

டீச்சருக்கு வணக்கம்ங்க. தர்மபுரி சார் கடைசியாகச் சொன்ன வரி முழு உண்மை. பிள்ளைகள் அதே தெருவில்தான் இருக்க வேண்டும். அதனால்தான் பேசக் கற்றுத்தர வேண்டும் என்கிறேன். நாம் மூடி வைத்தாலும் அந்தப் பேச்சு டீக்கடையில் நடக்கத்தான் போகிறது, அங்கே இவள் பக்கத்தைச் சொல்ல ஆளே இருக்காது. செல்போன் நன்மையா தீமையா என்று நானும் வருடக்கணக்கில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பிள்ளைகூடத் தன் கருத்தை மாற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை. மாற்றிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

உங்கள் தலைப்பில் குற்றமில்லை. அதைக் கேட்ட விதத்தில்தான் சிக்கல். "கேடா, துணையா" என்பது பட்டிமன்றத் தலைப்பு. பட்டிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை, கோயில் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன். ஆனால் அங்கே கேட்கிறவர்கள் வெளியே இருக்கிறார்கள். வகுப்பில் பேசப்படுகிறவர்களே உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு, உங்கள் ஒரு தலைப்புக்குள் இரண்டு கேள்வி ஒட்டிக்கிடக்கிறது. நடவுக்கு ஆள் குறைந்ததா, எப்போதிலிருந்து, எதனால் என்பது ஒன்று. இதைப் போய்ப் பார்த்து, எண்ணித் தெரிந்துகொள்ளலாம். அப்படியே குறைந்திருந்தாலும் ஏழைக்கு வேலை உத்தரவாதம் வேண்டுமா என்பது இன்னொன்று. இதை எண்ணிப் பார்க்க முடியாது, மனசைக் கேட்க வேண்டும். முதல் கேள்வியை முடிக்காமல் இரண்டாவதற்குப் போனால் பிள்ளைகள் ஆளைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது, 12 மணி நேர வேலைக்கு வழி விடுகிற மசோதா. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றுவிட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். ஜூனில் பள்ளி திறந்ததும் இதை எடுத்தேன். எங்கள் பள்ளியில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் பனியன் கம்பெனி வேலைதான். டைலர், செக்கிங், அயர்னிங், டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி. இரண்டு மூன்று பேரின் அப்பாக்கள் பத்து மிஷின் போட்டு ஜாப் வொர்க் எடுப்பவர்கள், அதாவது பெரிய கம்பெனிகளுக்குப் பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுப்பவர்கள். கிட்டத்தட்ட உங்கள் வகுப்பு போலத்தான், வயலுக்குப் பதில் மிஷின்.

முதல் நாள் யாரையும் பேச விடவில்லை. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். பெயர் கிடையாது, கம்பெனி பெயரும் கிடையாது. வீட்டில் ஒருவர் காலை எத்தனை மணிக்குப் போகிறார், எத்தனை மணிக்கு வருகிறார், சனிக்கிழமை சம்பளத்தில் எத்தனை ஷிப்ட் கணக்கு, இவ்வளவுதான். எழுதி மடித்துச் சாக்பீஸ் டப்பாவில் போடச் சொன்னேன். பெட்டியை நானே குலுக்கி, வேறொரு பிள்ளையை விட்டுப் போர்டில் எழுத வைத்தேன். எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வருகிறார், எட்டரைக்குப் போய் எட்டரைக்கு, மறுபடியும் எட்டரைக்கு எட்டரை. போர்டு நிறைய அதுவேதான். ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம், அதனால் எங்கள் ஊரில் இதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர், எல்லாருக்கும் பழகிய சொல். பின் வரிசையில் ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "சார், 12 மணி நேரம் ஏற்கெனவே இருக்குதுங்களே."

இரண்டாம் நாள் சட்டத்தைக் கொண்டுபோனேன். 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம்: ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி. கணக்குப் போடுங்கள் என்றேன். ஆறு நாள், நாளுக்கு 12 மணி, மொத்தம் 72. அதில் 48 போக 24 மணி நேரம் கூடுதல். ஒன்றரை ஷிப்ட் கணக்கில் வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட் கூலி வருகிறது. சட்டப்படி 48-ம், 24-க்கு இரட்டிப்பு 48-ம் சேர்ந்து 96 மணி நேரக் கூலி, அதாவது 12 ஷிப்ட். மூன்று ஷிப்ட் எங்கே? அந்தக் கணக்கைப் போர்டில் போட்ட பெண் சாக்பீஸைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

இந்த இடத்தில்தான் டீச்சர், நாம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கும் பேச வேண்டும் போல இருந்தது. பேசியிருந்தால் ஜாப் வொர்க்காரர் மகன் அன்றைக்கே காணாமல் போயிருப்பான். பேசாமல் இருந்ததால் அவன் எழுந்தான். "சார், எங்கப்பாவுக்குப் பீஸுக்கு இவ்வளவுன்னுதான் ரேட். கப்பல் தேதி தவறினா விமானத்துல அனுப்பச் சொல்றாங்க, அந்தச் செலவு மேல இருந்து கீழ வந்து எங்க தலையில விழுது. இரட்டைக் கூலி எங்கிருந்து தர்றது?" என்றான். அது சாக்கு இல்லை, உண்மை. அந்த உண்மை வந்த பிறகுதான் வகுப்புக்கு உண்மையான கேள்வி கிடைத்தது. அந்த மூன்று ஷிப்ட் முதலாளியிடமா இருக்கிறது, இல்லை அவருக்கும் மேலே, துணி வாங்குகிறவரிடமா? இதை நான் பாடமாக எடுத்திருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள்தான் விவாதம். கட்சியைச் சீட்டுப் போட்டுப் பிரித்தேன். யார் எந்தப் பக்கம் என்பது அவரவர் வீட்டைப் பொறுத்ததில்லை என்று எல்லாருக்கும் தெரியும்படி, எல்லாரும் பார்க்கக் குலுக்கினேன். டைலர் மகள் முதலாளி பக்கம் பேசினாள், நன்றாகவே பேசினாள். பாதியில் மணி அடித்துக் கட்சி மாற்றினேன்.

ஒரு விதி வைத்திருந்தேன், அதை நான் ஓய்வு பெறும்வரை விடவில்லை. எதிர்க் கட்சியை மறுக்கும் முன், அவர்கள் சொன்னதை அவர்களே "ஆமாம், இதைத்தான் சொன்னோம்" என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லிக் காட்ட வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் திரும்பச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளித் தமிழ் ஐயாவிடம் இதைச் சொன்னபோது, சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரே அப்படித்தான் இருக்கிறது என்றார். முதலில் பரபக்கம், மற்ற சமயத்தார் சொல்வது. அப்புறம்தான் சுபக்கம், தன் கொள்கை. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் இதற்குப் பெயரே பரபக்கம். "டேய், பரபக்கம் சொல்லாம பேசாதே" என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் பிடித்து நிறுத்துவார்கள். இந்த ஒரு விதி உள்ளே வந்தால் சிரிப்பு பாதி அடங்கிவிடும். அடுத்தவர் பேச்சைத் திரும்பச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இதற்கு முன்னால் பழக்குவதற்குச் சின்னதாக ஒன்று. பள்ளிக்கு வருகிற மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 250-க்கு மேல் ஆயிரம் வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு வருடம் 75,000 ரூபாய், அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். மீதியை என்ன செய்யலாம் என்று விட்டுப் பாருங்கள். மின்விசிறியா, கழிவறைக் குழாயா, லேப் சாமானா? வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றை எடுக்க இன்னொன்றை விடுவது என்றால் என்ன என்று அதற்கப்புறம் நீங்கள் நடத்தவே வேண்டாம். கழிவறைக்காகப் பெண் பிள்ளைகள் பேசுவதைப் பையன்கள் பரபக்கமாகத் திருப்பிச் சொன்ன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எதையும் விவாதமாக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இட ஒதுக்கீட்டை நான் கட்சி பிரித்து விட்டதே இல்லை. 69 சதவீதம் எப்படி வந்தது, 1994-ல் ஏன் தனிச்சட்டம் போட்டார்கள், ஒன்பதாவது அட்டவணையில் ஏன் சேர்த்தார்கள் என்று வரலாறாக நடத்துவேன், எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்வேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளைக்கு அங்கே உட்காரத் தகுதி உண்டா என்று அதே வகுப்பை முடிவு செய்ய விடமாட்டேன். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, எங்கள் ஊரிலிருந்து கூட்டம் கூட்டமாக ரயில் ஏறினார்கள். அப்போது வகுப்பில் ஒடிசாக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். "வெளிமாநிலத்தவர் வரலாமா" என்று கேட்கவில்லை. அந்த வீடியோ பொய் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் எடுத்தோம்.

இனி, பேசாமல் தாளை மடித்த உங்கள் மாணவி விஷயம். இப்போதைக்கு அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு பேசு என்று சொல்லாதீர்கள், அதுவும் ஒரு சுமை. அந்தப் பையனையும் விட்டுவிடாதீர்கள். நாற்று முத்திப்போன வீட்டில் ராத்திரி என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசியுங்கள். அவன் அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மன்னிப்புக் கேள் என்று எல்லார் முன்னாலும் நிறுத்தினால் அவனை இழந்துவிடுவீர்கள். தலைப்பை மட்டும் உடைத்து எண்ணக் கொடுங்கள். நடவு எந்த மாதம், நூறு நாள் வேலை எந்த மாதம், ஊரில் மிஷின் நடவு எவ்வளவு, நேரடி விதைப்பு எவ்வளவு. பெயர் இல்லாத சீட்டு. அது போதும்.


பதில் 3: உயர்தரப் பொருளியல் ஆசிரியை, ஹட்டன், இலங்கை

டீச்சர், நான் மலையகத்தில் ஏ.எல் வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். பாடசாலைக் காலத்தில் விவாத அணியில் இருந்தவள். எங்கள் நாட்டில் பாடசாலைகளுக்கு இடையில் தமிழ் விவாதப் போட்டி மிகவும் சூடாக நடக்கும். தலைவர் தொகுப்புரை செய்து எதிரணியை நொறுக்குவதுதான் பெருமை. நானும் நொறுக்கியிருக்கிறேன், கேடயம் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஆசிரியையாக வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த நாலைந்து பேரைத் தவிர மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கைதட்ட மட்டும்தான் பழகியிருந்தோம் என்று.

2021 மார்ச்சில் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) வந்தது, அடிப்படை 900, படி 100. என் வகுப்பில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். அதைப் பேசலாம் என்று எடுத்தபோது உங்கள் மாணவியைப் போலவே ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு அந்த வாரம் முழுவதும் அரைப்பேர். சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் முழு நாள் போடமாட்டார்கள், அரை நாள்தான் விழும். ஆயிரம் ரூபாய் என்று மற்றவர்கள் கதைக்கக் கதைக்க, தன் வீட்டுக்கு வருவது அதில் பாதி என்பதை அவள் எப்படிச் சொல்வாள்?

அதற்குப் பிறகு நான் சத்தமில்லாமல் விவாதம் செய்யத் தொடங்கினேன். நாலு பிரிஸ்டல் போர்டை மேசைகளில் விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. பிள்ளைகள் பேனையோடு சுற்றி வருவார்கள். ஒருவர் எழுதியதற்குக் கீழே இன்னொருவர் பதில் எழுதலாம், கோடு இழுத்துக் கேள்வி கேட்கலாம், வாயால் கதைக்கக் கூடாது. அரை மணித்தியாலம். அவள் எழுதினாள்: "ஆயிரம் என்பது நாளுக்கா, கிலோவுக்கா?" அந்த ஒரு வரிக்குக் கீழே பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். அடுத்த தவணையில் அவளே எழும்பிக் கதைத்தாள். பேச்சுக்கு முன்னால் எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள் டீச்சர், கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு அது ஒரு கதவு.


கேட்டவர் மீண்டும்: மன்னார்குடி பக்கம் (நான்கு வாரம் கழித்து)

சார், ஹட்டன் டீச்சர், இருவருக்கும் நன்றி. தர்மபுரி சார், உங்கள் எச்சரிக்கையும் வேண்டியதாகத்தான் இருந்தது. ஆரம்பிக்கும் முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்லி, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியையும் ஒரு நாள் வந்து உட்காரச் சொன்னேன். அவரும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்தான்.

மானியக் கணக்கில் ஆரம்பித்தேன். அப்புறம் சீட்டு. 31 சீட்டு வந்தது. மானாவாரி ஊர்களில் எப்படியோ தெரியாது, எங்கள் ஊர்ச் சீட்டுகளில் நூறு நாள் வேலை பெரும்பாலும் சித்திரையிலிருந்து ஆடி வரை, வயல் காய்ந்து கிடக்கிற நாட்களில் இருந்தது. நடவு நடக்கிற புரட்டாசி, ஐப்பசியில் கொஞ்சம்தான். ஆனால் கொஞ்சம் இருந்தது, ஒரு பதினைந்து நாள் இரண்டும் மோதியது. நிலத்தைப் பற்றிய சீட்டுகளில் ஒருவர் மாக்கணக்கில், ஒருவர் ஏக்கரில், ஒருவர் குழியில் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றவே ஒரு பீரியட் போனது. அதில் நேரடி விதைப்பு இவ்வளவு இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பையன் வீட்டில் போய் அப்பாவிடம் கணக்குக் கேட்டிருக்கிறான். சீட்டில் எழுதாமல் வகுப்பிலேயே எழுந்து சொன்னான்: "போன சம்பாவுக்கு எங்க வயல்ல நட்டது மேற்கு வங்காளத்துலேர்ந்து வந்த செட்டு டீச்சர். எங்கூரு ஆளுங்க நட்டது அதுக்கு மூணு வருசம் முன்னாடி." எங்கே போனார்கள் அந்த ஆட்கள் என்று தேடினால், பாதிப் பேருக்கு வயசாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள் சார், உங்கள் ஊர் ஒன்றரை ஷிப்டில்.

கட்சி பிரிக்கச் சீட்டுக் குலுக்கியதில் அந்தப் பெண் நிலக்காரர் பக்கம் விழுந்தாள். எனக்குத் திக்கென்றது. ஆனால் அவள் எழுந்து, நாற்றங்கால் முப்பது நாளைத் தாண்டினால் தூர் கட்டாது, விளைச்சல் விழும், வட்டிக்கு வாங்கியவன் அதை எப்படித் தாங்குவான் என்று பேசினாள். நடவு நட்ட வீட்டுப் பிள்ளை, அவளுக்குத் தெரியாதா? பையன் எதிர்ப் பக்கம். அவள் சொன்னதைப் பரபக்கமாகச் சொல்லும்போது தூர் கட்டுகிற விஷயத்தை விட்டுவிட்டான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பச் சொல்ல வைத்தாள்.

மணி அடித்துக் கட்சி மாற்றினோம். தன் பக்கம் திரும்பி வந்ததும் பையன் ஒரு யோசனை வைத்தான். மோதுகிற அந்தப் பதினைந்து நாளும் நூறு நாள் வேலையை நிறுத்தி வைத்தால் இரண்டு பேருக்கும் நல்லதுதானே என்றான். வகுப்பில் பலருக்கும் அது நியாயமாகப் பட்டது, எனக்கும்தான். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் சொன்னாள்: "இந்த வேலை இல்லாட்டி அந்த வேலைன்னு இருக்கறதாலதான் எங்கம்மா நடவுக்கு இவ்வளவு வேணும்னு கேக்க முடியுது. அந்தப் பதினஞ்சு நாளும் நிறுத்திட்டா, குடுக்கறத வாங்கிக்கணும்."

"எங்கம்மா" என்று அவளாகவே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பையன் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டான். பதில் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், நாளைக்கு" என்றான்.

மறுநாள் கொண்டுவந்தான். அந்தப் பதினைந்து நாளுக்கு நடவுக் கூலியை ஊர்க்கூட்டத்தில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட்டால் என்ன என்பது அவன் பதில். யார் கூப்பிடுவது, நடவாட்கள் அதில் உட்காருவார்களா, பெண்கள் வாய் திறக்க விடுவார்களா என்று அவள் பக்கத்திலிருந்து ஆறு கேள்வி. அதோடு பீரியட் முடிந்துவிட்டது.

அடுத்த தலைப்பைப் பிள்ளைகளே எடுத்திருக்கிறார்கள்: டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம். எங்கள் ஊருக்கு வருவது ஒரு நாளைக்கு நாலே நாலு டிரிப். வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொரு டிரிப்பிலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணி வரப் போகிறார்கள். காலை ஏழு மணி டிரிப்பை அந்தப் பெண் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கண்டக்டரிடம் என்ன கேட்கலாம் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள்.